கொடி மாறிய வருஷம்

தாவூதின் பெயர் பரசுராமனுக்கு வாயில் வராமல் போனது 1933ஆம் வருஷம், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரக் காப்டன் அன்று காலை கொடிமேடைக்கு ஏறி வந்தார். சற்று முன்னால் ஒரு நிலக்கரிக் கப்பலைக் காற்றோடு மல்லுக்கட்டி உள்ளே இழுத்து வந்த படகை ஓட்டிய சாரங்கு யார் என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்டார்.

பரசுராமன் வாயைத் திறந்தார். ஆள் மனக்கண்ணில் நிற்கிறான். குட்டை உருவம், மருதாணி போட்ட தாடி, பாதி அறுந்த இடது காது. பரசுராமனுக்குக் கல்யாணமான புதிதில் கல்மண்டபத்துக்குப் பின்னால் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன். முப்பது வருஷத் தோஸ்து. எல்லாம் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை.

“பனமரத்தொட்டியில வூடு சார். நம்ம ஆளுதான். அவன்...”

பக்கத்தில் நின்ற தலைமைக் கொடிக்காரர் லோகநாதன், “தாவூது, சார்” என்றார். காப்டன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். லோகநாதன் அதை அப்போதே மறந்துவிட்டார். பரசுராமனால் மறக்க முடியவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. முப்பத்தைந்து வருஷமாகக் கொடிமேடையில் வேலை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தங்களுக்கு வேண்டியதைக் கொடிகளால்தான் சொல்லும். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்து. இரண்டு மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு செய்தி. அதற்கென்று ஒரு தடித்த புத்தகம். துர்பீன் என்ற தூரநோக்குக் கண்ணாடியால் பார்த்து, சிலேட்டில் எழுதி, டெலிபோனில் ஆபீசுக்குச் சொல்லி, பதிலுக்கு இங்கிருந்து கொடி ஏற்ற வேண்டும். பாதிரிப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்திருந்த பரசுராமனுக்கு அந்தப் புத்தகம் தலைகீழாகத் தெரியும். மற்றவர்கள் பக்கம் புரட்டுவதற்குள் அவர் செய்தியைச் சொல்லிவிடுவார்.

அவர் பயந்ததற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அண்ணன் நீலமேகம். பரசுராமனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் அலையைத் தாண்டிப் படகு தள்ளுவதில் ராயபுரம் கரையில் பேர் எடுத்தவர். மனைவி இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தார். வந்து நாலு வருஷம். இப்போது தம்பியைப் பார்த்து, “நீ யாரு ஊட்டுப் புள்ள?” என்று கேட்கிறார். பரசுராமனின் மனைவி பவுனம்மாள்தான் ‘மாமா’ என்று அழைத்து அவரைக் குளிப்பாட்டிச் சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். பரசுராமன் அண்ணன் இருக்கும் அறைப் பக்கம் அதிகம் போவதில்லை. வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்பிவிடுவார்.

தாவூதின் பெயர் அன்று சாயங்காலம் தொண்டையார்பேட்டை டிராம் வண்டியைப் பிடிக்க ஓடும்போது தானாக வந்தது. அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

ஆடி மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. அடுத்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து உலகம் முழுக்கக் கப்பல் கொடிகள் மாறுகின்றன. புதிய கொடிகள், புதிய புத்தகம். எழுத்துக்கு இருபத்தாறு, எண்ணுக்குப் பத்து, மற்றவை நாலு. ஆக நாற்பது. டிசம்பரில் காப்டனே பரீட்சை வைப்பார். நாற்பதுக்கு முப்பத்திரண்டு வாங்காதவர்களை வாசல் கேட்டுக் காவலுக்கு மாற்றிவிடுவார்கள்.

பரசுராமனோடு சேர்த்துக் கொடிக்காரர்கள் ஐந்து பேர். மற்ற நால்வருக்கும் முப்பத்தைந்துக்குள் வயது. பரசுராமன் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வயதில், இதே போல் ஒரு முறை புத்தகம் மாறியபோது, எட்டே நாளில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து காட்டியவர் அவர்.

லோகநாதன் தினம் பிற்பகலில் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மெட்ரிகுலேஷன் படித்தவர், பொறுமைசாலி. அட்டையில் வர்ணம் பூசிய கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். பையன்கள் மாதிரி ஐந்து பேரும் எழுதுவார்கள். ஒரே நாளில் பத்துக் கொடி, மறுநாள் அடுத்த பத்து.

சிக்கல் எங்கே என்று பரசுராமனுக்கு முதல் வாரமே தெரிந்துபோயிற்று. முற்றிலும் புதிதான கொடிகள் மெதுவாகவாவது ஏறின. பழைய கொடியே வேறு அர்த்தத்தோடு வந்தால்தான் கை தவறியது. வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம் போட்ட, நுனி குறுகிய நீளக் கொடி ஒன்று. முப்பது வருஷமாக அது ‘சி’ என்ற எழுத்து. இப்போது அது ஒன்று என்ற எண். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பட்டையாக இருப்பது ‘ஈ’யாக இருந்தது, இனி அது மூன்று. லோகநாதன் அட்டையைத் தூக்கியதும் பரசுராமனின் கை யோசிக்காமல் ‘சி’ என்று எழுதிவிடும். எழுதிய பிறகு தப்பு தெரியும். அழிப்பதற்குள் அடுத்த அட்டை வந்திருக்கும். இளைஞர்களில் எத்திராஜ் என்பவன் வேலைக்குச் சேர்ந்தே ஒன்றரை வருஷம்தான். பழையது அவனுக்குள் ஆழமாக இறங்கியிருக்கவே இல்லை. அவன் மூன்று வாரத்தில் முடித்துவிட்டான்.

புரட்டாசியில் லோகநாதன் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் முப்பத்தாறு, முப்பத்தெட்டு. பரசுராமன் பத்தொன்பது.

“நைனா, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கவலைப்படாதீங்க,” என்றார் லோகநாதன்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் பரசுராமன் அன்று டிராம் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போனார்.

ஐப்பசியில் இன்னொன்று நடந்தது. காலை ஒன்பது மணி. வெளியே இரண்டு கப்பல்கள். தெற்கே நின்ற அரிசிக் கப்பல் குடிதண்ணீர் கேட்டுக் கொடி ஏற்றியிருந்தது. பரசுராமன் அதைச் சரியாகப் படித்தார். எழுதப் போகும் நேரத்தில் டெலிபோன் அடித்தது. வடக்கே நிற்கும் நிலக்கரிக் கப்பலின் பெயரையும் அது வந்த நேரத்தையும் ஆபீசில் கேட்டார்கள். சொன்னார். கீழே ஓர் இழுவைப் படகு ஊதியது, அதற்குக் கையசைத்தார். பிறகு சிலேட்டில் எழுதினார். நிலக்கரிக் கப்பலின் பெயருக்கு எதிரே, ‘தண்ணீர் வேண்டும்’ என்று.

தண்ணீர்ப் படகு நிலக்கரிக் கப்பலுக்குப் போய், அங்கே திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அரிசிக் கப்பலுக்கு மூன்று மணிக்குத்தான் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதன் காப்டன் புகார் எழுதினார். லோகநாதன் பரசுராமனைத் தனியாக அழைத்து, “என்ன நைனா, உங்களுக்கா இப்படி?” என்று மட்டும் கேட்டார்.

இளைஞனாக இருந்தபோது டெலிபோனில் பேசிக்கொண்டே துர்பீனில் பார்த்துக்கொண்டே இடது கையால் எழுதியதும் உண்டு. பரசுராமன் அதை நினைத்தார். பிறகு, “நீ யாரு ஊட்டுப் புள்ள?” என்று கேட்கும் அண்ணனை நினைத்தார். ஒரு முடிவுக்கு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் தாவூதைப் பிடித்தார். தாவூதின் மருமகன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இங்கிலீஷில் நன்றாக எழுதுவான்.

“வேலய வுட்டுடறேன்னு ஒரு மனு எய்தணும். உன் மருமகன் கிட்ட சொல்லு,” என்றார் பரசுராமன்.

தாவூது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “இன்னாடா இது? மெய்யாலுமா?”

“ஆமா.”

“ஏன்? எவனாவது இன்னாவது சொன்னானா?”

“யாரும் சொல்லல. என் அண்ணனுக்கு வந்தது எனுக்கும் வந்துடுச்சி. நான் பாட்டுக்கு மேல குந்திகினு தப்புத் தப்பா எய்துனா, ஒரு நாளு எவன் உசுராவது பூடும்.”

தாவூது மிச்சக் கயிற்றையும் சுருட்டி வைத்தார். “சரி, எய்தி வாங்கியாறேன்,” என்றார்.

எழுதித்தான் வாங்கினார். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது பரசுராமனிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பரசுராமன் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்த சமயம் பார்த்து வீட்டுக்கு வந்து, காகிதத்தைப் பவுனம்மாளின் கையில் வைத்து, “இது உன் வூட்டுக்காரன் கேட்டது தங்கச்சி. மொதல்ல நீ பாரு,” என்றார். விஷயத்தையும் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பரசுராமன் திரும்பி வந்தபோது பவுனம்மாள் அரிவாள்மணைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். மீனை வாங்கிக் கூடையில் போட்டாள். காகிதத்தை நீட்டினாள்.

“இன்னாய்யா இது?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இங்கிலீஷு எனுக்குப் படிக்கத் தெரியாது. தாவூது அண்ணன் வாயால சொல்லிட்டுப் பூட்டாரு. உனுக்கு மாமாவோட சீக்கு வந்துடுச்சாமே?”

“வந்துடுச்சி,” என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். பெயர் மறந்தது, பத்தொன்பது வாங்கியது, தண்ணீர்ப் படகு. நாலு மாசமாக அடக்கி வைத்திருந்தது அது. நின்றுகொண்டே சொன்னார்.

பவுனம்மாள் முழுவதும் கேட்டாள். பிறகு, “மாமாவுக்கு எப்பிடி ஆரம்பிச்சிதுன்னு உனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“பேரு மறந்தாரு. அதானே?”

“பேரு நானுந்தான் மறக்கறேன். நேத்து எதிர் வூட்டுக்காரிய ‘ஏ, உன்னத்தான்’னு கூப்ட்டேன். மாமாவுக்கு அப்பிடி இல்ல. ஒரு நாளு மத்தியானம் சோறு துன்னாரு, கை கய்வினாரு. அப்பால வந்து, இன்னும் சோறு போடலியான்னாரு. இப்பதானே துன்னீங்கன்னேன். இல்லவே இல்லன்னாரு. கைய மோந்து பாருங்க, மீன் வாசன கீதுன்னேன். மோந்து பாத்தாரு. பாத்துட்டு, யாரோ என் கையில தடவி வுட்டுட்டாங்கன்னாரு.” அவள் மீன் கூடையை நகர்த்தி வைத்தாள். “நீ அன்னிக்கி வூட்ல இல்ல.”

பரசுராமன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“நீ மறந்தா, மறந்தது உனுக்குத் தெரியுது. பேஜாராப் பூடுது. தேடிக்கினே கீறே. ரெண்டு நாளு கய்ச்சியாவது கண்டுபுடிச்சிடறே. அவரு தேடலியே. தேடணும்னே அவருக்குத் தெரியலியே. தண்ணிப் படகு தப்பாப் போச்சின்னா, எப்பிடித் தப்பாச்சின்னு டெலிபோன் அடிச்சதுலேர்ந்து ஒயுங்கா சொல்றே. மாமாவால நேத்து இன்னா நடந்துச்சின்னு சொல்ல முடியுமா? நாலு வருசமா கூட இருந்து பாக்கறேன்யா. நீதான் அவரு பக்கத்துல ஒக்கார்றதே இல்ல.”

கடைசியாகச் சொன்னது அவருக்கு உறைத்தது. அது உண்மை.

“வயசாவுது, அவ்ளோதான். ஊசியில நூலு கோக்க முன்ன ஒரு தபா போதும், இப்போ நாலு தபா. அதுக்காவ எனுக்குத் தைக்கத் தெரியாமப் பூட்டுதா?” என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தாள். சற்று நேரம் கழித்து, “அந்தக் கொடியெல்லாம் எத்தினி?” என்று கேட்டாள்.

பவுனம்மாள் ஒரு தையல் கடைக்கு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். வெட்டியது போக மிஞ்சிய துணிகள் மூட்டையாக இருந்தன. அவர் காகிதத்தில் வரைந்து காட்டியதைப் பார்த்து, உள்ளங்கை அகலத்தில் கொடிகளைத் தைத்தாள். நாளைக்கு இரண்டே இரண்டு. மூன்றாவது கேட்டாலும் தைக்கவில்லை. “ரெண்டு உள்ள போவட்டும்,” என்பாள். அவளுக்கும் ஐம்பத்திரண்டு வயது. அவளும் கூடவே கற்றாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி, “இது?” என்பாள். அவர் தப்பாகச் சொன்னால் அது தப்பு என்று அவளுக்கும் எப்போதும் தெரிவதில்லை. இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்த வேகத்தில் படித்தபோது பரசுராமனுக்குத் தன் தலையைப் பற்றியே சில விஷயங்கள் புலப்பட்டன. அவசரப்படுத்தினால்தான் தப்பு வருகிறது. ஒரு மூச்சு விட்டு யோசித்தால் சரியாக வருகிறது. நேற்றுப் படித்தது இன்று பாதி போய்விடும், ஆனால் நாலாவது முறை படித்தது போவதில்லை. சிவப்பு வட்டக் கொடியைப் பார்த்ததும் முதலில் ‘சி’ வரத்தான் செய்யும்; அதை விரட்டினால் இன்னும் கெட்டியாக நிற்கும். வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால், அடுத்ததாக ‘ஒன்று’ வரும்.

“இவன் பய்ய ஆளு இல்ல,” என்றாள் பவுனம்மாள் ஒரு நாள், அந்தக் கொடியைப் பார்த்து. “பய்ய ஆளோட சட்டயப் போட்டுகினு வந்திருக்கற புது ஆளு.” அந்த வார்த்தை அவருக்கு உதவியாக இருந்தது.

கொடிகளை விரித்து வைக்க வெளிச்சமான இடம் அண்ணன் அறைதான். அதனால் பரசுராமன் அங்கே உட்கார வேண்டியதாயிற்று. நீலமேகத்துக்கு வர்ணங்கள் பிடித்துவிட்டன. கொடிகளை எடுத்து மடியில் அடுக்குவார், திருப்பிக் கேட்டால் தரமாட்டார். ஒரு தரம், “கப்பலு எங்க நிக்குது?” என்று கேட்டார்.

“வெளிய நிக்குதுண்ணா.”

“அல கீதா?”

“கீது. கொஞ்சமா.”

“அப்போ பாத்துத் தள்ளு,” என்றார் நீலமேகம்.

பரசுராமன் அண்ணனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய கைகள் துணியைப் பிடித்திருந்த விதத்தில் எதுவோ குறைந்திருந்தது. ஆனாலும் அவை அண்ணனின் கைகள்தான். இத்தனை நாள் தன்னுடைய நாளைய முகத்தைப் பார்ப்பதாக நினைத்து ஓடியவர், அன்றைக்குத்தான் அவரை அண்ணனாகப் பார்த்தார். அதற்குப் பிறகு சாயங்காலச் சோறு ஊட்டுவதை அவரே எடுத்துக்கொண்டார். மனுவைப் பவுனம்மாள் எங்கே வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பரீட்சை நடந்தது. காப்டன் கையில் கடிகாரத்தோடு நின்றார். எத்திராஜ் நாற்பதுக்கு நாற்பது வாங்கினான், எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்தான். பரசுராமன் கடைசியாக முடித்தார். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். இரண்டு கொடிகளுக்கு எழுத நேரமே இல்லாமல் போனது, நாலு தப்பு. முப்பத்திநாலு. ஐந்து பேரில் அதுதான் குறைவு. ஆனால் தேறிவிட்டார்.

“பாஸ் ஆயிட்டீங்க நைனா,” என்று எத்திராஜ் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஜனவரி பிறந்தது. கப்பல்கள் புதிய கொடிகளோடு வந்தன. பெரிய குழப்பம் எதுவும் இல்லை. பழைய புத்தகங்களை லோகநாதன் கட்டி ஆபீஸ் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். இரண்டும் கலந்து கிடந்தால் ஆபத்து என்பது அவர் எண்ணம்.

நாலாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குப் பரசுராமன் தன் முறைக்கு மேடை ஏறியபோது எத்திராஜும் லோகநாதனும் துர்பீனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கிழக்கே ஒரு பழைய சரக்குக் கப்பல் நின்றது. துருப்பிடித்த பக்கவாட்டு, ஒற்றைப் புகைபோக்கி. இரண்டு கொடி ஏற்றியிருந்தது.

“பதிமூணு, நைனா,” என்றான் எத்திராஜ். “ஒண்ணு, மூணு. பதிமூணு இன்னான்னுதான் தெரியல. புரியலன்னு கொடி ஏத்துனோம். எறக்கவே மாட்டேங்கறான். அரை மணியா அதே பதிமூணு.”

“பதிமூணு பிரயாணிங்க இருக்காங்கன்னு சொல்றானோ என்னவோ,” என்றார் லோகநாதன். “சுகாதாரப் படகு நாலு மணிக்குப் போகும். அப்போ கேட்டுக்கலாம்.”

பரசுராமன் துர்பீனை வாங்கிக் கண்ணில் வைத்தார். மேலே வெள்ளையில் சிவப்பு வட்டம். கீழே மூன்று பட்டை. அவருக்கும் முதலில் ஒன்று, மூன்று என்றுதான் வந்தது. இரண்டு மாதப் பயிற்சி. பதிமூன்று.

ஆனால் அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. கொடிகளை விட்டுக் கப்பலைப் பார்த்தார். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் இந்நேரம் ஆட்கள் முன்பக்கம் சங்கிலி அருகே இருப்பார்கள், அல்லது நிழலில் படுத்திருப்பார்கள். இங்கே பத்துப் பதினைந்து பேர் புகைபோக்கிக்குப் பின்னால் கும்பலாகக் குனிந்து நின்றார்கள். இயந்திர அறையின் மேல்வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கசிந்துகொண்டிருந்தது. கொடிகள் வெயிலில் வெளுத்து, ஒட்டுப் போட்டவை. மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்த கப்பல். புதிய புத்தகத்தை அது எந்தத் துறைமுகத்தில் வாங்கியிருக்கும்?

“லோகநாதா, இது பதிமூணு இல்ல,” என்றார். “பய்ய கொடி. சி, ஈ.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

பரசுராமன் வாயைத் திறந்தார். வரவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பார். “ரெண்டு கொடின்னா அவசரம். அது மட்டும் தெரியுது. பய்ய பொஸ்தகம்?”

“கிடங்குல. சாவி ஆபீசுல. ஆள் போய் எடுத்து வர முக்கால் மணி ஆகும்.”

எத்திராஜ் ஏதோ சொல்ல வந்தான். பரசுராமன் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அர்த்தத்தைத் துரத்தவில்லை. கடைசியாக இந்த இரண்டையும் எப்போது சேர்த்துப் பார்த்தோம் என்று யோசித்தார். மழைக்காலம். ரங்கூன் அரிசிக் கப்பல். சரக்கு அறைக்குள் ஓர் ஆள் விழுந்துவிட்டான். தாவூது படகில் ஏற்றிக்கொண்டு போனது யாரை? கறுப்புப் பெட்டி, நனைந்த கோட்டு.

“டாக்டரு,” என்றார். “ஆளுக்கு அடிபட்டுடுச்சி, டாக்டரு வேணும்.”

லோகநாதன் தயங்கினார். டாக்டரையும் இழுவைப் படகையும் வீணாக அனுப்பினால் அவர் தலைதான் உருளும். “நிச்சயமா நைனா?”

“நிச்சயம் இல்ல. ஆனா டாக்டரு போயி சும்மா திரும்பினா ஒரு மணி நேரம் பூடும். நாம பதிமூணுன்னு நெனச்சிகினு குந்தியிருந்தா இன்னா பூடும்?” பிறகு, “ஒண்ணு பண்ணு. அதே ரெண்டு கொடியும் நம்ம கம்பத்துல ஏத்து. நமக்குப் புரிஞ்சிதுன்னு அவனுக்குத் தெரிஞ்சா எதனா பண்ணுவான்,” என்றார்.

எத்திராஜ் ஓடிப்போய் ஏற்றினான். கொடிகள் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கப்பல் ஊதியது. நீளமாக, விடாமல். அதன் கம்பத்தில் பதில் கொடி ஏறியது. லோகநாதன் டெலிபோனைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார்.

தாவூதின் படகு இருபது நிமிஷத்தில் டாக்டரோடு கிளம்பியது. கப்பலில் நீராவிக் குழாய் வெடித்து இரண்டு பேர் வெந்துபோயிருந்தார்கள். இரண்டு பேரும் கரி தள்ளும் ஆட்கள், சிட்டகாங் பக்கத்துக்காரர்கள். ஒருவன் படகிலேயே இறந்தான். இன்னொருவன் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் அவனும் இருந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாகத் தாவூது வந்து சொன்னார். பரசுராமன் இறந்தவனைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். தான் ஒன்றரை மணிக்கே மேடைக்கு வந்திருந்தால் என்ற எண்ணம் சில நாள் அவரை விடவில்லை.

லோகநாதன் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். தான் பதிமூன்று பிரயாணிகள் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை. பழைய புத்தகம் ஒன்றை இன்னும் ஒரு வருஷம் மேடையிலேயே வைத்திருக்கும்படி காப்டன் உத்தரவு போட்டார். மறுவாரம் பரசுராமனைக் கூப்பிட்டனுப்பினார். லோகநாதன் கூடப் போய் மொழிபெயர்த்தார்.

உனக்கு ஏதாவது வேண்டுமானால் கேள் என்றார் காப்டன். சம்பள உயர்வு கேட்பான் என்று லோகநாதன் உட்பட எல்லோரும் நினைத்தார்கள்.

“கப்பலு கொடி காட்டிக்கினு இருக்கறப்போ டெலிபோன எடுக்கறதுக்கு வேற ஒரு ஆளு வேணும்,” என்றார் பரசுராமன். “ரெண்டையும் ஒண்ணா பாக்க என்னால முடியல. முன்ன முடிஞ்சிது. இப்போ முடியல.”

லோகநாதன் உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “எதுக்கு நைனா உங்க குறைய நீங்களே சொல்றீங்க? நல்ல பேர் வாங்கி நிக்கற நேரம்,” என்றார்.

“கீறதைத்தானே சொல்றேன். ஐப்பசியில தண்ணிப் படகு தப்பாப் போச்சே, இதனாலதான். அதையும் சொல்லு.”

லோகநாதன் சொன்னார். காப்டன் ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டார். அவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேஜையில் எதையோ தேடினார். மூக்குக் கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒரு வரி எழுதினார்.

மாசி மாதத்திலிருந்து மேடையில் ஒரு முறைக்கு இரண்டு பேர் என்று ஆயிற்று. துர்பீன் ஒருவர், டெலிபோன் ஒருவர். ஓய்வு நாள் குறைந்ததால் இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். எத்திராஜ் பரசுராமனோடு வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் வேகமாகப் படித்துச் சொல்வான். பரசுராமன், “இன்னொரு தபா பாரு,” என்பார். பெரும்பாலும் அவன் படித்ததே சரியாக இருக்கும்.

நீலமேகம் அடுத்த வருஷம் பங்குனியில் காலமானார். பரசுராமன் அறுபது முடிந்து 1936ஆம் வருஷம் ஆவணியில் வேலையை விட்டு இறங்கினார். அதுவரை சிலேட்டில் இன்னும் இரண்டு தடவை தப்பாக எழுதினார். இரண்டையும் அவரே கண்டுபிடித்து, அழித்து, சரியாக எழுதினார்.